மக்கரியல்: பேட்டரி சைக்கிள் மோட்டாரின் கள்ளமின்மை குறித்து

பேட்டரி சைக்கிளின் மோட்டார் ஏறவேண்டிய இடத்தில் அணைந்தும், கிளம்பவேண்டிய இடத்தில் உதறியும் காட்டுமாயின், தமிழர் அதை ஒரே சொல்லால் குறிப்பர்: மக்கர். இச்சொல்லுக்குள் ஒரு தத்துவம் ஒளிந்திருக்கிறது. கிழிந்த சட்டை மக்கர் செய்வதில்லை; கால் உடைந்த நாற்காலியும் செய்வதில்லை. முடிந்தும் செய்யாதிருப்பதே மக்கர். எனவே இச்சொல்லை ஆள்வோர், அஃறிணையாகிய மோட்டாருக்கு மனம் ஒன்று உண்டென்றும் அதில் கள்ளம் உண்டென்றும் ஒப்புக்கொண்டவர் ஆகின்றனர். இக்கட்டுரை அதை மறுக்கிறது. சொன்னதை அப்படியே நம்பிவிடும் வெள்ளந்தி மோட்டார். அதன் கோணல் எல்லாம் அதற்குச் சொல்லப்பட்ட பொய்யின் கோணலே.

முதற்சான்று ஹால் சென்சார். எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவின் பெயரால் வழங்கும் இச்சில்லுகள் மூன்று, மோட்டாருக்குள் உட்கார்ந்துகொண்டு, காந்தம் எங்கே இருக்கிறதென்று, மோட்டாருக்கு மின்சாரம் விடும் கன்ட்ரோலருக்கு ஒற்றுச் சொல்கின்றன. ஒவ்வொருவருக்கும் தெரிந்தது ஆம், இல்லை என்னும் இரண்டே சொல். மூவர் சொல்லும் சேர எட்டு விதமாகலாம். ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர், மூன்று ஒற்றரின் சொல் ஒத்துவந்தால் நம்பலாம் என்பார். வழக்கமான மோட்டாரில் நிலைமை நேர்மாறு: மூவரும் ஒருமிக்க ஆம் என்றாலோ, ஒருமிக்க இல்லை என்றாலோ, அது பொய். எஞ்சிய ஆறே மெய். இனி ஓர் ஒற்றன் செத்து, எப்போதும் இல்லை என்றே கிடப்பதாகக் கொள்வோம். ஆறு நிலைகளுள் மூன்றில் அவன் சொல்லவேண்டியதும் இல்லைதான். அங்கே பிணமும் உண்மை பேசும். மற்ற மூன்றில் இரண்டு தவறான இடத்தைக் காட்டும். ஒன்று மூவரும் இல்லை என்னும் நடவாத நிலையாக முடியும். சக்கரம் நல்ல மூன்றில் நின்றிருந்தால் கிளம்பி, தட்டித் தடுமாறி ஓடும். கெட்ட மூன்றில் நின்றிருந்தால் உறுமி உதறும். காலால் ஓர் உந்து உந்தினால் கிளம்புவதும் இதனாலேயே. உந்தியவர் மோட்டாரை அதட்டிப் பணியவைத்ததாக நினைப்பார். உண்மையில் சக்கரத்தைப் பொய்யிலிருந்து மெய்க்கு நகர்த்தினார், அவ்வளவே. பிணத்தை அடையாளம் காண்பதும் எளிது. சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கன்ட்ரோலரை ஆன் செய்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பு முனையை மூன்று சிக்னல் ஒயர்களில் ஒவ்வொன்றாகவும் வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். உயிருள்ளவன் 0 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே தாவுவான், செத்தவன் அசையமாட்டான். உள்ளே பல்சக்கரம் வைத்த மோட்டாராயின் பின்னோக்கிச் சுற்றுக. முன்னோக்கிச் சுற்றினால் ஃப்ரீவீல் நழுவி உள்ளே எதுவும் அசையாது. அதைக் கண்டு, சோதிப்பவர் ஒற்றர் மூவருக்கும் சேர்த்துக் கருமாதி செய்துவிடுவார்.

இரண்டாம் சான்று மேடு. சமதரையில் ஒழுங்காக ஓடி, பாலம் ஏறும்போது மட்டும் அணைந்து, ஓரங்கட்டியதும் உயிர்க்கும் மோட்டாரைச் சோம்பேறி என்பர். 36 வோல்ட் பேட்டரியில் வரிசைக்குப் பத்து செல். நிறைந்தால் 42 வோல்ட். ஏறத்தாழ 30க்குக் கீழே இறங்கினால் கன்ட்ரோலர் கதவைச் சாத்தும். பெரும்பகுதி தீர்ந்து 34 வோல்ட்டில் நிற்கும் கிழட்டுப் பேட்டரியின் உள்தடை 0.3 ஓம் எனக் கொள்க. சமதரையில் 5 ஆம்பியர் கேட்டால் 1.5 வோல்ட் விழுந்து 32.5 மிஞ்சும். மேட்டில் 15 ஆம்பியர் கேட்டால் 4.5 விழுந்து 29.5 மிஞ்சும், கதவு சாத்தப்படும். கேட்பது நின்றதும் 34 திரும்பிவந்து, டிஸ்பிளேயில் கோடுகள் நிமிர்ந்து நிற்கும். கேட்டால் கைவிரிப்பதும், கேட்காதபோது வீம்பு காட்டுவதும் பேட்டரி, பழி மோட்டாருக்கு. மணிக்கு 25 கி.மீ. நெருங்கும்போது உதவி குறைந்து நின்றுபோவதையும் சிலர் இந்தப் பழியோடு சேர்ப்பர். 0.25 கிலோவாட்டுக்குக் குறைந்த மிதிசைக்கிளுக்கு இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வகுத்த எல்லை அது. அது மக்கர் அன்று, சட்டம்.

ஹால் சென்சார் மோட்டாருக்குள்ளேயே இருப்பதால் குற்றம் மோட்டாரினதே என்னின், அற்றன்று: அரண்மனையில் குடியிருப்பதால் ஒற்றன் அரசனாகிவிடான். சுருள் கருகுவதும் நைலான் பல் தேய்வதும் உண்டே என்னின், உண்டு, அவை மரணம். செத்தவனைக் கள்ளன் என்பது வழக்கில் இல்லை. அணைத்துப் போட்டால் சரியாகிறதே என்னின், பல கன்ட்ரோலர்கள் ஒரு பிழையைக் கண்டால் மின்சாரம் போய்வரும்வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கும். அணைப்பது அதற்கு மறதியைத் தரும், நோய்க்கு மருந்தைத் தராது. மெக்கானிக் கடைக்குப் போனால் மட்டும் ஒழுங்காக ஓடுகிறதே, இது கள்ளம் அல்லாமல் வேறென்ன என்பதே வலுவான தடை. மழைநீர் புகுந்த கனெக்டரை எண்ணிப்பார்க்க. கடை வரை வெயிலில் தள்ளிப்போகும் தூரமே அதற்கு வைத்தியம்: வழியில் ஈரம் உலரும், பள்ளங்களில் குலுங்கி லூஸ் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக் அங்கே இருப்பது தற்செயல். கூலி வாங்குவது மட்டும் தற்செயலன்று.

எஞ்சியிருப்பது ஒரு சாட்சி. பிரேக் லீவருக்குள் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. லீவர் கொஞ்சம் அசைந்தாலே மோட்டாரை நிறுத்தச் சொல்லும். நெரிசலில் பயந்து இரண்டு விரலை லீவர் மேலேயே ஊன்றி ஓட்டுபவர், மிதித்தாலும் இழுக்கவில்லை என்று முறையிடுவார். கால் போ என்கிறது. விரல் நில் என்கிறது. கன்ட்ரோலர் விரலை நம்பும்; அதற்கு இடப்பட்ட கட்டளை அது. ஆகவே ஸ்பானரை எடுக்குமுன் விசாரிக்கவேண்டியது ஓட்டுபவரின் விரலை. அதற்கு மல்டிமீட்டர் வேண்டாம், செலவும் இல்லை. ஆயினும் தன் விரலைச் சந்தேகிப்பதைவிட மோட்டாருக்கு மனம் உண்டென்று நம்புவது எளிது. மக்கர் என்னும் சொல் வழக்கொழியாமல் இருப்பது அதனால் என்க.