வெயில் குடித்த வெளிச்சம்

அப்பா மேலூரில் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினார். எண்பதுகளில் எங்கள் ஊர் ஸ்டாண்டில் நின்ற வண்டிகள் அநேகமாக எல்லாமே அம்பாசிடர்தான். பிரசவ வலி வந்தவளை மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும், அழகர்கோவிலுக்கு முடியிறக்கப் போகவும், துக்க வீட்டுக்கு நடுச்சாமத்தில் சனங்களை ஏற்றிக்கொண்டு ஓடவும் அதுதான் வண்டி. பொழுது சாயும் நேரத்தில் அப்பா தவறாமல் ஒரு வேலை செய்வார். பழைய செய்தித்தாளைத் தண்ணீரில் நனைத்துக் கசக்கி, முன்விளக்கு இரண்டையும் துடைப்பார். ஏழு அங்குல வட்டத்தில் கனத்த கண்ணாடி. மழைக்காலத்தில் ஈசல் அடித்து அப்பியிருந்தால் கொஞ்சம் அடுப்புச் சாம்பல் தொட்டுக்கொள்வார். ஒரு நிமிஷத்தில் விளக்கு புதுசாகிவிடும்.

அந்தக் கண்ணாடி என்றைக்கும் மங்கியதில்லை. மங்கல் என்றால் உள்ளேயிருந்து வந்த வெளிச்சம்தான். பழைய வண்டிகளில் டைனமோ. என்ஜின் வேகம் குறைந்தால் விளக்கும் சேர்ந்து சோர்ந்துவிடும். எதிரே லாரி வந்தால் பிரைட்டைக் குறைக்க, தரையில் இருக்கும் பொத்தானை இடது காலால் மிதிக்க வேண்டும். அந்த 'டக்' சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மதுரைச் சாலையின் இரண்டு பக்கமும் புளியமரங்கள். அடிமரத்தில் அடித்த சுண்ணாம்புப் பட்டை அந்த மஞ்சள் வெளிச்சத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். அதை வைத்தே சாலை எங்கே வளைகிறது என்று கணக்குப் போட்டு ஓட்டினார்கள். வெளிச்சம் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் வேகமும் குறைவு.

இப்போது அந்தச் சாலை நான்கு வழி. மரங்கள் போய்விட்டன. சிட்டம்பட்டி சுங்கச்சாவடியைத் தாண்டினால் மேலூர் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாமல் திருச்சியைப் பார்த்துப் போய்விடலாம். அம்பாசிடரும் இல்லை, கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் இருந்த ஆலை 2014 மே மாதம் உற்பத்தியை நிறுத்தியது. இன்று என் வீட்டு வாசலில் நிற்கும் சிறிய காரின் விளக்கு, அப்பாவின் வண்டி விளக்கைவிடப் பலமடங்கு பிரகாசமானது. ஆனால் அந்த வெளிச்சம் சாலைக்குப் போய்ச் சேர ஒரு பிளாஸ்டிக் மூடியைத் தாண்ட வேண்டும். மேலூர் வெயிலில் சில வருஷம் நின்ற அந்த மூடி, பழைய மாட்டுக்கொம்பு மாதிரி பழுப்பேறிவிட்டது. அன்று மங்காத கண்ணாடிக்குள் மங்கலான விளக்கு. இன்று பிரகாசமான விளக்குக்கு மங்கலான மூடி. நாம் இதைக் கவனிக்காமல் வேகத்தை மட்டும் கூட்டிவிட்டோம்.

அந்த மூடி பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் 1953-ல் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். கண்ணாடியில் பாதி எடைகூட இல்லை. கல் பட்டால் நொறுங்குவதுமில்லை. எந்த வளைவுக்கும் வார்க்கலாம். அமெரிக்காவில் 1940 முதல் கார் விளக்கு என்றால் கண்ணாடியும் இழையும் ஒன்றாக அடைத்த சீல்டு பீம்தான் என்று இருந்தது. 1983-ல் அந்த விதி தளர்ந்து, பல்பை மட்டும் மாற்றக்கூடிய விளக்குக்கு அனுமதி கிடைத்தது. அதன்பிறகு வண்டியின் முகத்தோடு சேர்த்து வளைத்த பிளாஸ்டிக் விளக்குகள் உலகமெங்கும் பரவின.

இந்தப் பிளாஸ்டிக்குக்குப் பெரிய எதிரி வெயில். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பாலிகார்பனேட்டின் மேல்தோலைச் சிதைத்து மஞ்சளாக்கும். அதைத் தடுக்கத்தான் தயாரிக்கும்போதே மேலே மெல்லிய பூச்சு ஒன்று போடுகிறார்கள். சில வருஷ வெயில், மழை, சாலையில் பறக்கும் மண், கல் ஏற்றிய லாரிக்குப் பின்னால் வரும் தூசு எல்லாம் சேர்ந்து அந்தப் பூச்சைத் தின்றுவிடும். முதலில் மேல் விளிம்பில் ஒரு வெள்ளைப் படலம். பிறகு சிறு வெடிப்புகள். பிறகு முழுவதும் பழுப்பு. அப்பாவின் வண்டி பகலெல்லாம் புளியமர நிழலில் நின்றது. மங்காத கண்ணாடிக்கு அந்த நிழல் தேவையே இருக்கவில்லை. நிழல் தேவைப்படும் பிளாஸ்டிக் வந்தபோது மரம் இல்லை.

மதுரைக்காரனுக்கு இதில் இன்னொரு முரணும் கண்ணில் படும். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், 1992-ல் அதிலிருந்து பிறந்த ஆரோலேப் நிறுவனமும் கண்ணுக்குள் பொருத்தும் பிளாஸ்டிக் லென்ஸை ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தன. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ கிழவிகள் அதனால் மறுபடி நெல்லில் கல் பொறுக்கினார்கள். அங்கே மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் வைத்தால் பார்வை வருகிறது. காரிலோ மங்காத கண்ணாடியை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் வைத்தோம், பார்வை போகிறது. புரை விழுந்தவருக்குப் பார்வை மங்குவது தெரியாததுபோல ஓட்டுபவருக்கும் விளக்கு மங்குவது தெரிவதில்லை. தினம் துளித்துளியாகக் குறைவதால் கண் பழகிவிடுகிறது.

எவ்வளவு குறைகிறது? அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன் 2018-ல் சோதித்துப் பார்த்தது. நன்றாக மங்கிய விளக்கிலிருந்து வந்தது, புதிய விளக்கு தரும் வெளிச்சத்தில் 22 சதவீதம்தான். மீதி சும்மா மறைந்துவிடுவதுமில்லை. ஒரு பகுதி கண்டபடி சிதறி, எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கிறது. ஓட்டுபவருக்கும் சாலை தெரியாது, எதிரே வருபவருக்கும் தெரியாது. இது புரியாமல் பலர் வாட்ஸ் கூடிய பல்பை வாங்கி மாட்டுகிறார்கள். ஹோல்டர் கருகும், கூச்சம் கூடும். சாலை அப்போதும் தெரியாது.

நம் நாட்டு 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், 155 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரியும்படி விளக்கு எரிய வேண்டும் என்கின்றன. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடும். 155 மீட்டரில் தெரிந்தால் பிரேக் போட ஏழு விநாடி இருக்கிறது. 40 மீட்டரில்தான் தெரிகிறதென்றால் இரண்டு விநாடிகூட இல்லை.

புது விளக்கு முழுதாக மாற்றினால் பல ஆயிரம் ரூபாய். வீட்டிலேயே தேய்த்தால் சில நூறில் முடியும். முன்பு சொன்ன அமெரிக்கச் சோதனையில், தேய்த்துச் சீர்செய்த விளக்குகள் புதியதில் சுமார் 70 சதவீத வெளிச்சத்தைத் திரும்பத் தந்தன. 22 எங்கே, 70 எங்கே! இந்த வேலையை எனக்குச் சொல்லித்தந்தவர் என் அக்கா வீட்டுக்காரர். மேலூர்ப் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறையில் பல வருஷம் இருந்தவர். காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"மாப்ள, முதல்ல தண்ணிய ஊத்து."

ஊற்றினேன். பழுப்பேறிய மூடி ஈரத்தில் பளிச்சென்று தெளிந்தது.

"நனைஞ்சதும் தெளியுதுல்ல, அப்ப அழுக்கு வெளியதான் இருக்கு. தேய்ச்சாப் போயிரும். நனைச்சும் மங்கலாவே இருந்தா உள்ள ஈரம் இறங்கியிருக்குன்னு அர்த்தம். அதை வெளியில தேய்ச்சு என்ன பிரயோசனம்?"

சோப்புத் தண்ணீரில் கழுவி, சுற்றியுள்ள பெயிண்டில் கீறல் விழாமல் மாஸ்கிங் டேப் ஒட்டினோம். பிறகு வாட்டர் பேப்பர். முதலில் 800, அடுத்து 1500, 2000, கடைசியில் 3000. பேப்பரும் விளக்கும் கணநேரமும் காயக் கூடாது. வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு. முதல் நம்பரில் ஓடிய தண்ணீர் மஞ்சளாக இருந்தது. செத்த பூச்சு கழன்று போகிறது. கொஞ்ச நேரத்தில் அது பால்போல வெளுத்தது. அதுவரை தேய்க்க வேண்டும். அப்போது விளக்கைப் பார்த்தால் முன்பைவிட மோசமாக, பாத்ரூம் ஜன்னல் போல வெள்ளையாக இருக்கும். அங்கே பயந்து நிறுத்திவிடக் கூடாது.

"கல்லுக்கு எப்படியோ இதுக்கும் அப்படித்தான். ஒரு நம்பர் குறுக்கால தேய்ச்சா அடுத்த நம்பர் மேல கீழ தேய்க்கணும். முந்தின நம்பர் கீறல் ஒண்ணுகூட தெரியாம போனப்புறம்தான் அடுத்தது. அவசரப்பட்டு ஒரு நம்பரைத் தாண்டிட்டா, பாலிஷ் போட்டப்புறம் அந்தக் கீறல் எந்திரிச்சு நிக்கும்."

நம்பருக்கு நம்பர் வாளித் தண்ணீரை மாற்றினோம். பழைய தண்ணீரில் கிடக்கும் ஒரு பொடிமணல் போதும், செய்த வேலையைக் கெடுக்க. 3000 முடிந்தபோது வெண்மை நீங்கி, பனி மூடியதுபோல் மெல்லிய மங்கல் மட்டும் நின்றது. பழைய பனியன் துணியில் ரப்பிங் காம்பவுண்டைத் தொட்டு வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்த்தபோது, உள்ளே இருந்த பல்பும் வெள்ளிப் பூச்சும் கண்முன்னே துலங்கி வந்தன.

பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பற்பசை போட்டுத் தேய்ப்பதும் இந்த வகைதான். பற்பசையில் இருப்பதும் ஒரு மெல்லிய அரம்தான், கொஞ்சம் பளபளக்கும். ஆனால் பாதுகாப்புப் பூச்சு முழுவதும் போனபின் அம்மணமாக நிற்கும் பிளாஸ்டிக் முன்பைவிட வேகமாகப் பழுக்கும். ஆகவே வேலையில் பாதி இனிமேல்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். கார் பெயிண்ட் கடைகளில் கிடைக்கும், ஹார்டனர் கலந்து அடிக்கும் வகை நீடித்து நிற்கும். அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது. திறந்த இடத்தில், தகுந்த முகமூடி போட்டுத்தான் அடிக்க வேண்டும். ஆடிக் காற்றடிக்கும் நாளில் தொடவே கூடாது. பூச்சு காய்வதற்குள் மண் ஒட்டிவிடும். மார்கழிப் பனியும் ஆகாது. காற்றில்லாத காலையில், நிழலில் அடித்துவிட்டு அன்று முழுக்க வண்டியை எடுக்காமல் விடுவது நல்லது.

பெட்ரோல், தின்னர் தோய்த்த துணியால் விளக்கைத் துடைக்கும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. கண்ணாடிக் காலத்தில் அதனால் ஒன்றும் ஆகவில்லை. பாலிகார்பனேட் அதைத் தாங்காது. மயிரிழை வெடிப்பு விழுந்துவிடும். கொசு விரட்டி மருந்து தெளித்துத் துடைப்பதும் அப்படித்தான். மேல்தோலைக் கரைத்துத் தற்காலிகமாக மினுக்குமே தவிர, விளக்கைக் கெடுத்துவிடும்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் காரின் அழகு இல்லை. எங்கள் பக்கம் அறுவடை நாளில் நெல் சாலையோரம்தான் காய்கிறது. காவலுக்கு ஆள் பக்கத்திலேயே படுத்திருக்கும். தை மாதம் பழனிக்கு நடப்பவர்கள் இரவெல்லாம் நத்தம் சாலையில் போகிறார்கள். சித்திரையில் அழகரைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். இவர்கள் யாரிடமும் விளக்கு கிடையாது. நம் காரின் விளக்குதான் இவர்களுக்கும் விளக்கு. அது மங்கினால் நாம் இழப்பது கொஞ்சம் வெளிச்சம். அவர்கள் இழப்பது உயிராக இருக்கலாம்.

அப்பா விளக்கைத் துடைக்காமல் ஒருநாளும் ராத்திரி வண்டி எடுத்ததில்லை. அவருக்குக் கிடைத்த வெளிச்சம் கொஞ்சம். அதில் ஒரு துளியையும் அவர் வீணாக்கவில்லை. நமக்குக் கிடைத்திருப்பது அதிகம். இன்று இரவு உங்கள் வண்டியை ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி விளக்கைப் போட்டுப் பாருங்கள். வெளிச்சம் விளிம்பு கட்டி விழாமல் கலங்கலாகப் படர்ந்தால், ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தெளிந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே வாட்டர் பேப்பரை எடுத்துவிடுங்கள். கிளியர் கோட் அடிக்காமல் மட்டும் வேலையை முடித்துவிடாதீர்கள்.