எலும்பு எங்கடா மாப்ளே?

விடியக் கருக்கல்ல போனைப் போட்டு, "மாமா, ராக்கி தொண்டையில எலும்பு சிக்கிருச்சு"ன்னு அழுதியே மாப்ளே, உங்க வீட்டுல எலும்பு ஏதுடா? நாய்க்குப் பாக்கெட் தீனிதானே போடுறீங்க?

நானும் ஒரு காலத்துல உன்னை மாதிரி அறிவாளிதான். எங்க சிப்பிப்பாறை நாய் ஒருநா வாத்து கத்துறாப்புல இருமி, கடைசியில ஓங்கரிச்சு வெள்ளை நுரையைக் கக்குச்சு. எலும்புதான்னு முடிவுகட்டி வாய்க்குள்ள கையை விட்டேன். எனக்கு எலும்பு கிடைக்கல. அதுக்கு என் விரல் கிடைச்சிருச்சு. அப்பல்லாம் தொப்புளைச் சுத்தி 14 ஊசி! மாட்டாஸ்பத்திரி டாக்டர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "பெரியவரே, எலும்பு சிக்குன நாய் வாயைப் பிறாண்டும், எச்சி ஒழுக்கும், முழுங்கத் திணறும். இது இருமி முடிச்ச கையோட சோத்துச் சட்டிக்கு ஓடுதே, இது ஒட்டுவாரொட்டி இருமல்."

போன வாரம் ஊட்டிக்குப் போறப்ப ராக்கியை நாய் ஹாஸ்டல்ல விட்டீங்கல்ல? ஏசி, கேமரான்னு பீத்துனியே, அந்த வாடகைக்கு இலவச இணைப்பு இந்த இருமல்தான். தொத்துன 2 நாள்லயும் தெரியும், 2 வாரம் கழிச்சும் தெரியும். போர்டடெல்லான்னு ஒரு பாக்டீரியா, பாராஇன்ஃபுளுயன்சான்னு ஒரு வைரஸ், இன்னும் நாலஞ்சு உதிரிங்க. பெரும்பாலும் கூட்டணி வச்சுத்தான் வரும், நம்மூரு எலெக்சன் மாதிரி.

முதல்ல கழுத்துப்பட்டையைக் கழட்டு. இழுக்க இழுக்க இருமல் கூடும். நெஞ்சுல மாட்டுற பட்டை போடு. குளியல் ரூம்ல வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி கட்டுனதும் பத்து நிமிசம் அவனை உக்கார வை. நீயும் கூடவே உக்காரு, போன் இல்லாம. சாம்பிராணி, கொசுவத்தி, உன் சிகரெட்டு மூணும் அவன் பக்கமே வரக்கூடாது. பெரும்பாலும் ரெண்டு மூணு வாரத்துல தானா அடங்கிரும்.

உன் மாமியா அலமாரியில இருக்கிற சிரப்பை மட்டும் தொட்டுறாத. பாராசிட்டமால் நாயோட ஈரலைக் கெடுத்துரும். சர்க்கரை இல்லாத சிரப்பு சிலதுல சைலிட்டால்னு ஒரு இனிப்பு இருக்கும். அவனுக்கு அது விசம்.

ஒண்ணுல மட்டும் கேலி கிடையாது மாப்ளே. தீனியை மோந்துகூடப் பாக்காமச் சுருண்டு படுத்தாலோ, மூச்சு வாங்குனாலோ, மூக்குல மஞ்சளா பச்சையா சளி வந்தாலோ, அது நுரையீரலுக்கு இறங்குற சேதி. காய்ச்சல் 103-க்கு மேல போனாலும் அப்படித்தான். நல்ல நாய்க்கே 101, 102 இருக்கும், தொட்டுப் பாத்துட்டு அலறாத. குட்டியா இருந்தா ஒருநா கூடக் காத்திருக்கக் கூடாது. டாக்டர்கிட்டப் போறப்ப முன்னாடியே சொல்லிட்டு அவனை வெளியவே நிறுத்து, மத்த நாயும் பொழைக்கணும்ல.

இதுக்கு மூக்குல விடுற தடுப்பு மருந்தே இருக்கு. போட்டா வரவே வராதுன்னு இல்ல, வந்தாலும் லேசாத் தட்டிட்டுப் போயிரும். ராக்கி பொறந்தநாளுக்குக் கேக்கு வெட்டுன போட்டோ பாத்தேன். தடுப்பூசி அட்டையைத்தான் இன்னும் கண்ணுல காட்டல.

பொங்கலுக்கு அவனையும் கூட்டியாறேன்னியே, வேணாம். இருமல் நின்னாலும் கிருமி வாரக்கணக்குல ஒட்டிக்கிட்டிருக்கும். எங்க தெருவுல பதினோரு நாய். நீயும் அவனுக்குத் துணையா அங்கனயே இரு. அந்த ஹாஸ்டல் பில்லை மட்டும் வாட்சப்புல அனுப்பிவிடு, சாவடியில உக்காந்து வாசிச்சுக் காட்டணும். பயலுக சிரிச்சு ரொம்ப நாளாச்சு.