ரொட்டிக்கு ஏது அடிக்குறிப்பு?

சமயவியலில் பி.ஏ. என்று எங்கள் கல்லூரியில் கிடையாது. இருந்தது வரலாறு. அதில் மூன்றாம் வருஷத்து ப்ராஜெக்ட் என்ற சந்தில் நான் சமயத்தை நுழைத்துவிட்டேன்.

ஸ்ரீரங்கம் என்றதும் கைடு சார் பதறினார். “156 ஏக்கர், ஏழு பிராகாரம், 21 கோபுரம். எதையாவது ஒண்ணைப் பிடிப்பா.” நான் துலுக்க நாச்சியாரைப் பிடித்தேன்.

படையெடுப்பில் டில்லிக்குக் கொண்டுபோகப்பட்ட உற்சவர் நம்பெருமாள் மேல் சுல்தானின் மகள் காதல் கொண்டு, அவரைத் தேடி ஸ்ரீரங்கம் வரை வந்து உயிர்விட்டாள் என்பது கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்லும் கதை. அவளுக்காகப் பெருமாளுக்கு இன்றும் ரொட்டியும் வெண்ணெயும் அமுதாகின்றன. திருமஞ்சனத்தில் கைலிகூடக் கட்டிக்கொள்கிறார். இவ்வளவு இணக்கமான மாப்பிள்ளையை எந்த மாமனாரும் பார்த்திருக்க முடியாது.

“எந்தப் படையெடுப்பு? 1311-ஆ, 1323-ஆ?” என்றார் சார்.

அதைத் தெரிந்துகொள்ள, கேள்விப் பட்டியலை நகலெடுத்துக்கொண்டு சித்திரை வீதிக்குப் போனேன். திண்ணையில் இருந்த மாமா தாளை வாங்கினார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், முதலில் என் சந்திப்பிழைகளைத் திருத்தினார். பிறகு ஊர், வயசு, அப்பா உத்தியோகம், என்ன சம்பளம் என்று நான் கேட்கவேண்டியதையெல்லாம் அவர் கேட்டார். உள்ளேயிருந்து மாமி, “அக்கா இருக்காளா? கல்யாணம் ஆயிடுத்தா?” என்றார். களப்பணி முழுமையாக நடந்தது. களம் நான்தான்.

“1323, அதுல என்ன சந்தேகம்? பெருமாள் அப்போ கிளம்பினவர், 1371-லதான் திரும்பி வந்தார்” என்றார் மாமா. எதிர்த்திண்ணை மாமா விடவில்லை. “நாச்சியார் கதை அதுக்கு முந்தின படையெடுப்புங்காணும்! மாலிக் காபூர்!” இருவரும் அன்று படை வந்தபோது வாசலில் நின்றவர்களைப் போலவே பேசினார்கள். என்னை இருவருமே மறந்துவிட்டதால் காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

“முதன்மைச் சான்று எங்கேப்பா?” என்றார் சார். ரொட்டி இருக்கிறது என்றேன். ரொட்டிக்கு அடிக்குறிப்பு போட முடியாது என்றார். போட்டேன், அடித்துவிட்டார்.

பிறகு ஸ்பைரல் பைண்டிங். காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் கோயிலொழுகை விட்டுவிட்டு நன்றியுரையைப் பிடித்தது. நியாயம்தான். ‘என்னை ஈன்றெடுத்த பெற்றோருக்கும்’ என்று எழுதாத ப்ராஜெக்ட் தமிழ்நாட்டில் உண்டா?

வைவாவில் வெளித்தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார். “ஆக, இளவரசி வந்தாளா, இல்லையா?”

“தெரியல சார். ரொட்டி தினமும் வருது.”

பாஸ் போட்டுவிட்டார்.

நாச்சியாரைப் பார்க்க நினைப்பவர்கள் அர்ச்சுன மண்டபத்தை விசாரித்துப் போங்கள். அங்கே சிலையைத் தேடவேண்டாம், ஓவியம்தான். அவள் மதத்தில் உருவ வழிபாடு இல்லை என்பதற்காக அப்படி என்கிறார்கள். வருஷம் தெரியவேண்டுமானால் சித்திரை வீதியில் கேளுங்கள். ஆனால் ஒரே ஒரு மாமாவிடம் மட்டும்.