ஆப்பிளுக்கு முதல் பரிசு

செப்டம்பர் பிறந்தால் இந்த நாட்டுக்கு ஊட்டச்சத்து ஞாபகம் வந்துவிடும். 2018 முதல் அதை ஊட்டச்சத்து மாதமாகக் கொண்டாடுகிறோம். மற்ற பதினோரு மாதங்கள் எதற்கு என்று கேட்கக்கூடாது. அப்படி ஒரு செப்டம்பரில், ஒரு தொடக்கப்பள்ளி ஓவியப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். தலைப்பு: ‘சரிவிகித உணவு’.

நாற்பது சொச்சம் படங்கள். முக்கால்வாசியில் ஆப்பிள். அந்த ஊரில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பிள்ளைகள் கண்ணில் ஆப்பிள் படும். கொய்யா பள்ளி மதில் மேலேயே தொங்குகிறது, அதை ஒருவரும் வரையவில்லை. வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் சார்ட்டில் கொய்யா இல்லையே! ஒரே ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி மட்டும் முருங்கை மரத்தையும், அதனடியில் உட்கார்ந்து கீரை உருவும் பாட்டியையும் வரைந்திருந்தாள். கூட வந்த நடுவர் உதட்டைப் பிதுக்கினார். “தலைப்புக்கு ஒட்டலையே சார்.”

பிறகு சிறப்பு விருந்தினர் பேசினார். இன்றைய பிள்ளைகளுக்கு உணவைப் பற்றிய அறிவே இல்லை, தாய்மார்களுக்கு அதைவிட இல்லை, நொறுக்குத் தீனி வாங்கிக் கொடுத்தே கெடுக்கிறார்கள் என்று அரை மணி நேரம். அவர் பேசி முடிக்கவும், பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு மாம்பழச் சாறும் விநியோகம் ஆகவும் சரியாக இருந்தது. அதைச் சாறு என்று சொன்னது என் தவறு. மாம்பழம் அந்த அட்டையில் படமாக இருந்தது.

அந்தப் பள்ளியில் உணவைப் பற்றி நிஜமாகவே தெரிந்த ஓர் ஆள் உண்டு. சத்துணவு ஆயா. எத்தனை பிள்ளைக்கு எவ்வளவு பருப்பு, எவன் முட்டையை டவுசர் பையில் போட்டு வீட்டிலிருக்கும் தங்கச்சிக்குக் கொண்டுபோகிறான், எவள் காலையில் சாப்பிடாமல் வந்து பிரேயரில் மயங்குவாள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரை மேடைக்குக் கூப்பிடவில்லை. விருந்தினருக்கு டீ போடச் சொன்னார்கள். 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆர்., 2022-இல் காலைச் சிற்றுண்டி என்று நூறு வருஷமாகப் பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போட்டுப் பழகிய மாநிலம் இது. சோற்றைப் பற்றிப் பேச மட்டும் வெளியிலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறது.

அறிவு இல்லை என்றாரே, அதைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று பக்கத்தில் இருந்த நாலாம் வகுப்புப் பையனிடம் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன். முன்பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் பெயரைச் சொன்னான், டிவி விளம்பரப் பாட்டையும் ராகத்தோடு பாடினான். பின்பக்கம் திருப்பிப் படிக்கச் சொன்னேன். “சார், இது இங்கிலீஷ் சார்.”

பையனைக் குறை சொல்ல முடியுமா? நானே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாக்கெட்டை மூக்கருகே கொண்டுபோய்த்தான் படித்தேன். மைதா, சர்க்கரை, பாமாயில், மறுபடியும் வேறு பெயரில் சர்க்கரைப் பாகு, அப்புறம் ஐ.என்.எஸ். 503, ஐ.என்.எஸ். 500, ஐ.என்.எஸ். 322. இதில் 500 என்பது வேறொன்றுமில்லை, ஆப்பசோடா. ஆப்பசோடா என்றே போட்டால் முருங்கைக்கீரைப் பாட்டிக்குக்கூடப் புரிந்துவிடும். அந்த அசம்பாவிதம் நடக்கக்கூடாது என்றுதான் எண் போட்டிருக்கிறார்கள் போலும்.

நம் உணவுப் பொருள் சட்டப்படி உறையில் உள்ள விவரங்கள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும். தமிழில் போட்டுக்கொள்ளத் தடையில்லை, போட்டாக வேண்டிய கட்டாயமும் இல்லை. கட்டாயம் இல்லாததைக் கம்பெனி ஏன் செய்யப்போகிறது? “வாங்கு” என்று சொல்ல வருகிறபோது அதற்கு இலக்கணச் சுத்தமான தமிழ் வருகிறது, மதுரைத் தமிழ், கோவைத் தமிழ்கூட வருகிறது. “உள்ளே இவ்வளவு சர்க்கரை” என்று சொல்லும் இடம் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை படிக்க முடியாதபடி எழுதி வைத்துவிட்டு, பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை என்று மைக் பிடித்துப் புலம்புவதற்கு ஒரு மாதம், ஒரு பேனர், ஒரு பொன்னாடை!

பரிசைச் சொல்ல மறந்துவிட்டேனே. மால்ட் பவுடர் டப்பா. இந்தச் சாதி டப்பாக்களைப் பல காலம் ‘ஆரோக்கிய பானம்’ என்றுதான் விற்றார்கள். 2023-இல் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர் போர்ன்விட்டாவில் உள்ள சர்க்கரையைப் பற்றி ஒரு வீடியோ போட்டார். வக்கீல் நோட்டீஸ் பறந்தது, வீடியோவை எடுத்துவிட்டார். கம்பெனி தன் பங்குக்குச் சொன்ன கணக்கு இது: 20 கிராம் பவுடரில் சேர்த்த சர்க்கரை 7.5 கிராம்தான். அந்தத் ‘தான்’ எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கடைசியில், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆரோக்கிய பானம்’ என்று ஒரு வகையே கிடையாது என்று கண்டுபிடித்தார்கள். 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், அந்தத் தலைப்பின்கீழ் இவற்றை விற்காதீர்கள் என்று இணைய வணிகத் தளங்களுக்கு எழுதியது. இல்லாத ஒன்றை இத்தனை வருஷம் பாலில் கலக்கிக் கொடுத்திருக்கிறோம்.

அதே 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. ரோடமைன்-பி என்ற சாயம் அதில் இருந்தது, தடை சரிதான். அதன் வேகத்தைப் பாருங்கள். சோதித்தார்கள், கண்டார்கள், தடுத்தார்கள். மூங்கில் கழியில் நாலு பை கட்டிக்கொண்டு கடற்கரையில் அலைகிறவனுக்குச் சங்கம் கிடையாது, வக்கீல் கிடையாது. ஆனால் உறையின் முன்பக்கத்திலேயே சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகம் என்று அடையாளம் போட வேண்டும் என்ற யோசனை இருக்கிறதே, அதற்கு 2018-இல் ஒரு வரைவு. 2022-இல் இன்னொரு வரைவு. அதில் எச்சரிக்கைக்குப் பதில் நட்சத்திரம். குறைந்தது அரை நட்சத்திரம் நிச்சயம் உண்டு, எவ்வளவு மோசமான சரக்கானாலும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு வைத்தது. ஜூலையில் இன்னும் மூன்று மாதம் கேட்டு வாங்கினார்கள். சிலி நாட்டுக்காரன் 2016-லேயே கறுப்பு எண்கோண முத்திரை குத்தி, பிள்ளைகளை இழுக்கும் கார்ட்டூன் புலியையும் டப்பாவிலிருந்து விரட்டிவிட்டான். நம் புலி இன்னும் கமிட்டியில் படுத்திருக்கிறது.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக்கூடாது என்று 2020-இல் விதி செய்தார்கள். திரும்பும்போது எண்ணிப் பார்த்தேன். கேட்டிலிருந்து பெட்டிக்கடைக்குப் பதினாலு அடி. ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள் சரம்சரமாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில்.

முதல் பரிசு ஆப்பிளுக்குத்தான் போனது. முருங்கைக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. முடிவுத் தாளில் மூன்று கையெழுத்து இருக்கிறது, அதில் ஒன்று என்னுடையது.