ஆப்பு வைத்தால் உறவு

கேள்வி: சீனத்து வன்மரச் சாமான்களில் ஆணியே கிடையாதாமே?
பதில்: மூட்டுகளில் கிடையாது. ஒரு கட்டையின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றதில் உளியால் துளை பறித்து இறுக்குவதே முறை. வெளியே தெரிவது மூலையில் ஓடும் 45 பாகைச் சாய்கோடு மட்டுமே. பசைக்கும் அதிக வேலையில்லை. ஆணி அடித்தால் வன்மரம் விரியும், ஆணியும் துருவேறும்.

கேள்வி: மழைக்காலத்தில் கதவு உப்புவதுபோல் மேசை உப்பாதா?
பதில்: உப்பும். ஈரக்காற்றில் பலகை அகலவாக்கில் பெருக்கும், வறண்ட காற்றில் சுருங்கும். அதனால் பலகையைச் சட்டத்தின் காடியில் ஒட்டாமல் செருகி, அசைய இடம் விடுவார்கள். கூட்டுக்குடித்தனத்தின் ரகசியமும் அதுதான்.

கேள்வி: குதிரை லாடம்போல் வளைந்த நாற்காலிக் கையை எப்படி வளைக்கிறார்கள்?
பதில்: வளைப்பதே இல்லை. வளைவாகவே அறுத்த 3 அல்லது 5 துண்டுகளின் முனைகளை ஒன்றன்மேல் ஒன்று படியச் செதுக்கி, நடுத்துளையில் ஆப்பு இறக்குவார்கள். ஆப்பு இறங்க இறங்கத் துண்டுகள் நெருங்கும். ஆப்பு வைத்தால் உறவு முறியும் என்பது ஊர்ப்பேச்சு. இங்கே ஆப்புதான் உறவு.

கேள்வி: எந்த மரத்துக்கு மவுசு?
பதில்: மிங் வம்சக் காலத்தில் (1368–1644) ஹுவாங்ஹுவாலிக்கு. ஹைனான் தீவில் வளரும் பொன்பழுப்பு மரம். கணுவைச் சுற்றிய ரேகைகளுக்குப் 'பேய்முகம்' என்று பெயர். பேய் கூடினால் விலையும் கூடும்! 1567இல் கடல் வணிகத் தடை தளர்ந்ததும் தென்கிழக்காசிய மரங்களும் வந்திறங்கின. அடுத்து வந்த சிங் அரண்மனை விரும்பியது கருஞ்சிவப்பான ஜிதான். ஆந்திர மலைக்காடுகளின் செம்மரம்தான் அது. வைரம் பாய்ந்த கட்டை தண்ணீரில் மூழ்கும்.

கேள்வி: பேரரசர்கள் உட்கார மட்டும்தானா?
பதில்: ஒருவர் உளியும் பிடித்தார். 1620 முதல் 1627 வரை ஆண்ட மிங் பேரரசர் தியான்சி தச்சுவேலையில் மூழ்கிவிட, அதிகாரம் வெய் ஜோங்சியன் என்ற அரண்மனை அண்ணகரிடம் போனது. மேசை ஆடவில்லை, அரசு ஆடியது. 1644இல் விழுந்தும்விட்டது.

கேள்வி: இந்த நுட்பமெல்லாம் ஏட்டில் ஏறியதா?
பதில்: தாமதமாக. ஜெர்மானியரான குஸ்டாவ் எக்கே மூட்டுகளின் அளவுப்படங்களுடன் 1944இல் பெய்ஜிங்கில் நூல் வெளியிட்டார். சேகரிப்பாளர் வாங் ஷிசியாங்கின் நூல் 1985இல் வந்தது. அவர் சேர்த்த 79 சாமான்கள் இன்று ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் உட்காரத்தான் அனுமதியில்லை.