கட்டைக்கு எண்ணெய்க் குளியல்

கேள்வி: தாத்தாவின் வேட்டை ரைஃபிளில் வால்நட் கட்டை பள்ளம் விழுந்து பொலிவிழந்து கிடக்கிறது. புதுப்பிக்கலாமா? (லைசென்ஸ் இருக்கிறது!)
— வாசகர், கூடலூர்

பதில்: தாராளமாக! 1972 வனவிலங்குச் சட்டத்தின் புண்ணியத்தில் குழல் இப்போது ரிட்டயர்டு, கட்டையாவது மினுங்கட்டும். தோட்டா இல்லையென்று பார்த்துவிட்டுக் கட்டையைக் கழற்றுங்கள். பழைய வார்னிஷை நீக்கியதும், நசுங்கிய இடத்தில் உப்புத்தாளோடு பாயாதீர்கள். ஈரத்துணி விரித்து இஸ்திரிப் பெட்டியை வையுங்கள். ஆவி குடித்து மரம் தானே உப்பி எழும். பிறகு லின்சீட் ஆயில். பழைய வாய்ப்பாடு இது: ஒரு வாரம் தினமும், ஒரு மாதம் வாராவாரம், ஒரு வருடம் மாதாமாதம், அப்புறம் ஆயுசுக்கும் வருடம் ஒருமுறை. நம் தலைக்கே இவ்வளவு வைத்ததில்லை! துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள். இல்லாவிட்டால், தோட்டாவே இல்லாமல் தாத்தாவின் துப்பாக்கி வீட்டைச் சுட்ட கதையாகிவிடும்.