அறிக்கை விட்டால் போதும்

பிரிட்டன் 2015-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தது. ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டுக்குக் குறையாமல் விற்றுமுதல் பார்க்கும் நிறுவனங்கள், தங்கள் சரக்கு வரும் வழியில் அடிமைகள் இல்லாதிருக்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை விட வேண்டும். ஒன்றுமே செய்யவில்லையா? கவலை வேண்டாம். 'ஒரு நடவடிக்கையும் எடுக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தாலும் 54-ஆம் பிரிவு திருப்தியடைந்துவிடும். அதையும் எழுதச் சோம்பலா? அமைச்சர் மனம் வைத்தால், எழுதவைக்க நீதிமன்ற உத்தரவு வாங்கலாம். அபராதம் என்று அந்தப் பிரிவில் எதுவும் இல்லை.

சட்டத்தின் தாய், அன்றைய உள்துறை அமைச்சர் தெரசா மே. அவர் பொறுப்பில்தான் 2012-இல், வெளிநாட்டிலிருந்து வரும் வீட்டுப் பணியாளர் முதலாளியை மாற்றக் கூடாது என்று விசா விதி வந்தது. 2016-இல் தளர்த்தினார்கள்: மாறிக்கொள்ளலாம், ஆறு மாத விசாவில் மிச்சமுள்ள நாட்களுக்கு. கூடுதல் காலம் வேண்டுமா? அடிமையாக இருந்ததை முதலில் அரசிடம் நிரூபிக்க வேண்டும். நிறுவனத்துக்கு அறிக்கை போதும்; பணிப்பெண்ணுக்குத்தான் சாட்சி வேண்டும்.